சிஜோ வண்டியின் முன் ஆக்சில்

முருகதாஸின் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தால் இடதுபக்கச் சுவரில் வரிசையாக ஆணிகள் இருக்கும். சில ஆணிகளில் ஒன்றும் இருக்காது. சிலவற்றில் உச்சியில் கறுப்பு உருண்டை வைத்த ஓர் இரும்புக் கம்பி தொங்கும். ஜீப்பில் போர் வீல் போடுகிற லிவர் அது. பின்சக்கரங்கள் மட்டும் தள்ளிக்கொண்டு போகிற வண்டியை நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டுமென்றால் டிரைவர் அந்த லிவரைத்தான் போடுவான். அதைக் கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறது என்றால், அந்த வண்டியின் முன் ஆக்சில் சரியாக இல்லை என்று அர்த்தம். இதை முருகதாஸ் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத் தெரிந்தால் போதும் என்பது அவருடைய நினைப்பு. அப்படி நினைக்கிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

நான் நேசபாய். குலசேகரத்துக்கு மேலே மலையிலிருக்கிற ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டுக்காரி. முருகதாஸின் மனைவி சுனிதாவும் என்னோடு வெட்டுகிறவள்தான். அவர்கள் வீடும் ஒர்க்‌ஷாப்பும் ஒரே காம்பவுண்டில் இருக்கின்றன. எங்களை மலைக்கு ஏற்றிப் போகிற சிஜோவின் ஜீப் விடியற்காலையில் அந்த வாசலிலிருந்துதான் கிளம்பும். சுனிதா முன்சீட்டில் சிஜோவுக்குப் பக்கத்தில் உட்காருவாள். கொஞ்சம் வயிறு புரட்டுகிற சுபாவம் அவளுக்கு. நாங்கள் பின்னால் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு போவோம்.

முருகதாஸுக்குச் சொந்த ஊர் அஞ்சுகிராமம். ஓமனில் பல வருஷம் பாலைவனத்து வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவர். சுனிதாவைக் கட்டி மேற்கே வந்து, மாமனார் கொடுத்த இடத்தில் ஷெட் போட்டார். ஆள் நல்ல வேலைக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஸ்குருடிரைவரின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் உள்ளே எது முனகுகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் மழையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அஞ்சுகிராமத்தில் பெய்கிற மழையும் ஓமனில் பெய்கிற மழையும் சேர்ந்தால்கூட எங்கள் மலையின் ஒரு நாள் மழைக்குக் காணாது. இடவப்பாதி என்று நாங்கள் சொல்கிற பருவமழை இடவ மாதம், அதாவது வைகாசி, பாதியில்தான் வரும் என்று காலண்டரைப் பார்த்து நம்புகிற மனிதர் அவர்.

எங்கள் மலை ஜீப்புகள் எல்லாம் வயசானவை. புதிய வண்டி அந்தப் பாதையில் ஒரு வருஷம் தாங்காது. பழையவற்றுக்குக் கடையில் சாமான் கிடைக்காது, கிடைத்தாலும் நிற்காது. அதனால் ஒரு வண்டியைப் பிரித்து இன்னொரு வண்டியைப் பிழைக்க வைப்பதுதான் முருகதாஸின் தொழில். சிஜோவின் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின், மார்த்தாண்டத்தில் பிரித்துப் போட்ட ஒரு ஜீப்பிலிருந்து வந்தது. கியர்பாக்ஸ், மரத்தடி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வண்டியினுடையது. பின்பக்க வில்பட்டைகளில் இரண்டு ஏதோ ஒரு மீன்வண்டியில் இருந்தவை, வெயில் ஏறினால் வாடை அடிக்கும். அந்த வண்டியில் சிஜோவுக்கென்று உள்ளது நம்பர் பிளேட்டும் மாதா படமும் மட்டும்தான் என்று நாங்கள் அவனைக் கிண்டல் பண்ணுவோம்.

ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமான் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று மெக்கானிக் சொல்லமாட்டார். டிரைவரும் கேட்கமாட்டான். கேட்க ஆரம்பித்தால் தினமும் அடிதடிதான். வேனல் காலத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போகும். காய்ந்த பாதையில் பின்சக்கரம் மட்டும் போதும், முன் ஆக்சில் சும்மா உருண்டுகொண்டு வரும். அதனால் அதன் உள்ளே இருக்கிற பல்சக்கரங்களைக் கழற்றி, அவசரம் என்று வருகிற வேறு வண்டிக்குப் போட்டுவிடுவார். லிவர் ஆணிக்குப் போகும். மழைக்கு முன்னால் எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பிவிடும். பல வருஷமாக அப்படித்தான் நடந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததாலேயே அது சரி என்று ஆகிவிட்டது.

போன வேனலில் ஜெனித் வந்தான். மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற பையன். சேற்றில் ஜீப் ஓட்டுகிற பந்தயம் கேரளத்தில் நடக்கும்போதெல்லாம் போவான். சிவப்பு ஜீப்பு, ஆள் உயரத்துக்குத் தூக்கிவைத்தது, டயர் மட்டும் என் இடுப்புக்கு வரும். அவன் முருகதாஸை மாஸ்டர் என்று கூப்பிடுவான். அவர் வேலை செய்வதை வீடியோ எடுத்துப் போடுவான். அதுவரை எல்லாருக்கும் அண்ணனாக மட்டும் இருந்த மனிதர், மாஸ்டர் ஆனதும் தலைமுடிக்குச் சாயம் அடித்துக்கொண்டார். சுனிதா சிரித்துச் சிரித்து என்னிடம் சொன்னாள். நானும் சிரித்தேன்.

பந்தயத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஜெனித் வண்டியின் முன் ஆக்சிலுக்குள் பல்சக்கரம் உடைந்துவிட்டது. அதற்குப் பொருத்தமான ஜோடி சிஜோவின் வண்டியில் இருந்தது. அன்றைக்குச் சிஜோ பிரேக் பார்க்க வண்டியை விட்டுவிட்டுப் போயிருந்தான். முருகதாஸ் அந்த ஜோடியை எடுத்து ஜெனித்துக்குப் போட்டார். இந்தத் தடவை கூட்டைக் காலியாக விடவேண்டாம் என்று, ஷெட் மூலையில் கிடந்த வேறு ஒரு ஜோடியை அதற்குள் வைத்து மூடினார். அந்த ஜோடிக்குப் பல் எண்ணிக்கை வேறு.

பல் வேறாக இருந்தால் என்ன என்று எனக்கும் அப்போது தெரியாது. பிறகு சிஜோ விளக்கிச் சொன்னான். முன்னாலும் பின்னாலும் ஒரே கணக்கில் சுற்றவேண்டும். கணக்கு மாறினால் முன்சக்கரம் ஒரு வேகம் சொல்லும், பின்சக்கரம் ஒரு வேகம் சொல்லும். ஒரே சாக்கை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஒருவர் நடக்க ஒருவர் ஓடுகிற மாதிரி. லிவர் போடாதவரை இது வெளியே தெரியாது. போட்டாலும் சேற்றில் தெரியாது, சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். பாறையிலோ கான்கிரீட்டிலோ வழுக்க இடமில்லை. அங்கே ஏதாவது ஒன்று உடைந்துதான் தீரவேண்டும்.

சிஜோ வண்டியை எடுக்க வந்த விடியற்காலையில் நாங்கள் எல்லாரும் அங்கே நின்றோம்.

"அண்ணே, லிவரு எங்க?" என்று சிஜோ கேட்டான்.

"தேஞ்சு போச்சுலே. மழைக்கு முந்தி வண்டியக் கொண்டா, மாட்டித் தாரேன்."

"இப்பமே மாட்டப்பிடாதா?"

"வேனல்ல உனக்கு எதுக்குலே போர் வீலு? மலையப் பிடுங்கப் போறியா?"

சிஜோ சிரித்துவிட்டு ஏறினான். சுனிதா முன்சீட்டில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முருகதாஸ் வேஸ்ட் துணியில் கை துடைத்தபடி அவளையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார். "பாத்துப் போ" என்றார். சாதாரணமாக அவர் அதுகூடச் சொல்கிறவர் இல்லை. எனக்கு அது அப்போது அன்பாகத்தான் பட்டது.

பந்தயத்துக்கு ஜெனித் அவரையும் அழைத்துப் போனான். புதுச் சட்டை, ஷூ. போகிற அன்று வானம் தெற்கே கறுத்துக்கிடந்தது. சுனிதா, "மழ வருகுது, சிஜோக்க வண்டியப் பாத்துட்டுப் போப்பிடாதா?" என்று கேட்டிருக்கிறாள். "இடவம் பொறந்து நாலு நாளு ஆகல்ல. வந்து பாக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாளே மழை இறங்கிவிட்டது. சும்மா தூறல் இல்லை. ராத்திரி முழுக்க ஓட்டில் கல் கொட்டுகிற மாதிரி பெய்தது. மழைக்காலத்தில் பால்வெட்டு நடக்க வேண்டுமென்றால் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் பாவாடை கட்டவேண்டும், அப்போதுதான் பால் வடிகிற சிரட்டையில் மழைத்தண்ணீர் விழாது. அந்த வேலை பாதியில் நின்றது. போகாமல் இருக்க முடியாது. விடியும்போது குடை பிடித்துக்கொண்டு எல்லாரும் ஷெட் வாசலில் நின்றோம். சிஜோ வண்டியைச் சுற்றிவந்து சுனிதாவிடம் கேட்டான்.

"அக்கா, லிவரு இல்லாம இண்ணைக்கு மேல கேறாது. அண்ணன் எங்க வச்சிருக்காருன்னு தெரியுமா?"

சுனிதா முருகதாஸுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. பந்தயம் முடிந்து அவர்கள் எங்கோ லாட்ஜில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு டார்ச்சோடு ஷெட்டுக்குள் போனாள். சுவரில் சாக்பீசால் சிஜோ என்று எழுதியிருந்த ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதுதானே?"

"இதேதான்." சிஜோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தேஞ்ச மாதிரி ஒண்ணும் தெரியேல்லியே."

"அவியளுக்கு எதக் கண்டாலும் தேஞ்சதுதான். என்னையும் அப்பிடித்தான் சொல்லுவினும்" என்றாள் சுனிதா. எல்லாரும் சிரித்தோம். லிவரை மாட்டுவது பெரிய வேலை இல்லை, ஓர் ஆணியைச் சொருகி ஒரு பின்னைப் போட்டால் போதும். சிஜோவே மாட்டிவிட்டான்.

மண்பாதை தொடங்கியதும் சிஜோ லிவரைப் போட்டான். வண்டி ஏறத்தான் செய்தது. ஆனால் அது ஏறிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டியரிங் சிஜோவின் கையை உதறிக்கொண்டே இருந்தது. சேற்றில் ஒழுங்காகப் போகும், இடையில் பாறை தட்டினால் யாரோ கீழேயிருந்து உதைத்தது போல் துள்ளும். ஒவ்வொரு துள்ளலும் எங்கள் பற்களில் வந்து இடித்தது. தீய்ந்த எண்ணெய் வாடை ஒன்று தரைப்பலகை வழியாக வந்தது. பேச்சு ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றுபோயிற்று.

"எலே சிஜோ, என்ன இது?" என்று கேட்டேன்.

"குறே நாளா போடாததுல்லா அக்கா. இறுக்கமா இருக்கும். செரியாயிடும்."

அவன் குரலில் அவனுக்கே நம்பிக்கை இல்லை.

மேலே மழை விடவே இல்லை. பாவாடை கட்டக் கட்டப் பசை ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. மத்தியானத்தோடு போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போகிற சந்தோஷம் யார் முகத்திலும் இல்லை. ஏறி உட்கார்ந்தோம். நடந்து போய்விடலாமா என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. முழங்கால் வேண்டாம் என்றது.

அதே நேரம் கீழே முருகதாஸ் வந்து இறங்கியிருக்கிறார். கையில் பந்தயத்தில் கிடைத்த கோப்பை. ஜெனித் பிறகு சொன்னான்: "ஷெட்டுக்குள்ள போனவரு சுவத்தப் பாத்துட்டு அப்பிடியே நிண்ணாரு அக்கா. லிவர் எங்கேன்னு என்கிட்டக் கேட்டாரு. எனக்கு என்ன தெரியும்? அந்த முகத்தப் பாத்து நான் பயந்துட்டேன்." சிஜோவுக்குப் போன் போட்டிருக்கிறார். மலையில் டவர் கிடையாது. சுனிதாவுக்குப் போட்டிருக்கிறார். பிறகு ஷெட்டில் நின்ற யாருடைய பைக்கையோ எடுத்துக்கொண்டு மழைக்குள் கிளம்பிவிட்டார்.

கரும்பாறை வளைவு என்று ஓர் இடம். செங்குத்தான இறக்கம். மண் அரித்துப்போகிறது என்று அந்தத் துண்டுக்கு மட்டும் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். காலையில் ஏறும்போது அதைச் சேறு மூடியிருந்தது, இப்போது மழை கழுவி வெறும் கான்கிரீட்டாக்கியிருந்தது. இடதுபக்கம் கிடங்கு என்று நாங்கள் சொல்கிற பெரும்பள்ளம், அடியில் ஆறு சத்தம் போட்டுக்கொண்டு ஓடும். வண்டி கான்கிரீட்டில் ஏறிய கொஞ்ச தூரத்தில் அடியில் ஏதோ வெடித்தது. வண்டி ஒரு துள்ளு துள்ளி மூக்கைக் கிடங்குப் பக்கம் திருப்பியது. சிஜோ லிவரைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான்.

"வர மாட்டேங்குது. அக்கா, இது வர மாட்டேங்குது."

இன்னொரு வெடி. எஞ்சின் சும்மா இரைந்தது, சக்கரத்தோடு அதற்கு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. வண்டி தன்னிஷ்டத்துக்கு நகர்ந்தது. சிஜோ பிரேக்கில் இரண்டு காலையும் வைத்து எழுந்தே நின்றுவிட்டான். வண்டி நின்றது. முன்சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கிற இடம்கூட இல்லை.

"ஆரும் அனங்காதுங்க" என்றான். சுனிதா கிடங்குப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடுகிற ஆற்றையே பார்த்தாள். எனக்குப் பேய்ப்பயம், பாம்புப்பயம் எல்லாம் உண்டு. அன்றைய பயம் வேறு. ஜெபம்கூட வாயில் வரவில்லை.

கீழே பைக் சத்தம் கேட்டது. வளைவுக்குக் கீழே அது சறுக்கி விழுந்த சத்தமும் கேட்டது. முருகதாஸ் ஓடி வந்தார். ஒரு ஷூ இல்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"பிரேக்க விட்டுராதலே மக்கா. எல்லாரும் பின்னால வழியா ஒவ்வொருத்தரா எறங்குங்க. சாடாதுங்க. பைய."

இறங்கினோம். சுனிதா முன்சீட்டிலிருந்து பின்னால் ஏறித் தாண்டி வரவேண்டியிருந்தது. அவள் தாண்டும்போது வண்டி முனகியது. முருகதாஸ் கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துத்தான் இறங்கினாள்.

நாங்கள் கல் பொறுக்கிச் சக்கரத்துக்கு முன்னால் அடைத்தோம். அவர் ஸ்பானரோடு அடியில் நுழைந்தார். முன் ஆக்சிலுக்குப் போகிற சுழல்தண்டு முறுக்கேறி இறுகிக்கிடந்தது. அதைக் கழற்றாமல் வண்டி விடுபடாது, கழற்றும்போது அது எந்தப் பக்கம் உதறும் என்று சொல்ல முடியாது. கடைசி போல்ட் வந்தபோது துப்பாக்கி வெடித்த மாதிரி இருந்தது. வண்டி ஒரு சாண் முன்னே போயிற்று. கல் நொறுங்குகிற சத்தம். இன்னொரு கல். நின்றது. சிஜோ வெளியே குதித்து ரோட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

முருகதாஸ் கன்னத்தில் ரத்தத்தோடு வெளியே வந்தார். அந்தத் தண்டு உரசி உரசி பிரேக் குழாயைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தது. அதை விரலால் தடவினார். "இன்னும் ரெண்டு சுத்து, கொழாய் அறுந்திருக்கும்" என்று முணுமுணுத்தார். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது.

சுனிதா வந்து நின்றாள். "லிவர நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள். "எனக்க கையாலதான் குடுத்தேன். எல்லாரையும் நான்..."

"யாரக் கேட்டு எடுத்தே?" என்று கத்தினார் முருகதாஸ்.

அவர் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அந்த இடத்தில் என் கையில் கல் இருந்தது. நல்லவேளை, நான் பைபிள் படிக்கிற வேதக்காரி.

சுனிதா அவரையே பார்த்தாள். "லிவரு தேயேல்ல" என்றாள். "முன்னால என்ன போட்டு வச்சிருக்கிய?"

அவர் ஸ்பானரைச் சட்டையில் துடைக்கத் தொடங்கினார்.

"கேக்கேன்லா."

"வேற செட்டு."

"இதுல உள்ளது எங்க?"

"ஜெனித்துக்க வண்டியில."

"இதுலதான் நான் போறேன்னு தெரியும்லா?"

"தெரியும்."

"பின்ன எப்பிடி எடுத்திய?"

மழை அவர் கன்னத்து ரத்தத்தைக் கழுவிக்கொண்டே இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ஏதோ ஒரு காரணம் யோசித்திருக்கலாம். அவர் சொன்னது இதுதான்: "ஜெனித்து கேட்டான். சிஜோ கேக்க மாட்டான். நீயும் கேக்க மாட்டே."

உண்மையைச் சொன்னாரே என்று அவரை மதிப்பதா, அறைவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சுனிதா திரும்பி, மழையில் இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள். நாங்களும் பின்னால் நடந்தோம். அவர் தூரத்தில் பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே ஜெனித்திடமிருந்து பழைய ஜோடியை வாங்கி இதிலே போட்டார். உடைந்ததையெல்லாம் மாற்றினார். குழாய் புதிது. மணல்மூட்டை ஏற்றிக் கரும்பாறையில் தானே ஏற்றி இறக்கிக் காட்டினார். இப்போது எந்தச் சாமானைத் தொட்டாலும் எங்கேயிருந்து எடுத்தது என்று உரக்கச் சொல்கிறார், கேட்காதவர்களுக்கும் சொல்கிறார். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. சுனிதா சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், பேசவேண்டியதைப் பேசுகிறாள். ஆனால் வண்டியில் ஏறுவதில்லை. எங்களுக்கெல்லாம் முன்னால் எழுந்து நடந்தே மலைக்குப் போகிறாள். பாதி வழியில் அவளை நாங்கள் தாண்டுவோம். சிஜோ வேகத்தைக் குறைப்பான். அவள் ஓடைப்பக்கம் ஒதுங்கி வழிவிடுவாள், நிமிர்ந்து பார்க்கமாட்டாள். முன்சீட்டில் இப்போது யாரும் உட்காருவதில்லை. கரும்பாறை வரும்போது சிஜோவின் கை லிவருக்குப் போகும், பின்னால் எங்கள் பேச்சு நின்றுபோகும்.

சாயங்காலம் நான் ஷெட் வாசலில் இறங்கும்போது முருகதாஸ் ஏதாவது வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டுவார். "இண்ணைக்கு ஏறினாளா அக்கா?" என்று கேட்பார். இல்லை என்பேன். தலை உள்ளே போய்விடும்.

போன வாரம் அவர் உள்ளே போகவில்லை. எழுந்து வந்து என் முன்னால் நின்றார். தலைமுடிச் சாயம் போய் நரைத்திருந்தது. வேஸ்ட் துணியைக் கையில் சுற்றிக்கொண்டே, "நீங்க மட்டும் என்னைய நம்பி எப்பிடிக்கா ஏறுதிய?" என்று கேட்டார். பாவம், அவர் எதையோ எதிர்பார்த்தார்.

"நம்பியா?" என்றேன். "மலைக்கு வேற வண்டி இல்ல முருகதாசு. அதான் ஏறுதேன்."